இன்னொருக்கா சாவட்டுமா?

மார்ச் 3, திங்கள்

இந்த டைரியின் அட்டையில் ஒரு மண்டை ஓடு. அதன் வாயில் ஒரு கோடாரி. முதல் பக்கத்தில் 'ரணகளம் கேம்ஸ், கோயம்புத்தூர்' என்று ரத்தம் ஒழுகுகிற எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இப்படி மூன்று பெட்டி டைரியை இன்று குப்பையில் போடச் சொன்னார்கள். தாள் நல்ல வழவழப்பான தாள். ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் படித்தது ஐந்தாவது. எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை போட ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, பெட்ரோல் பங்கில் கம்பெனி வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

அவர் இந்தக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். நான் கூட்டுகிறேன், துடைக்கிறேன், டீ போடுகிறேன். கம்பெனி செய்வது செல்போனில் விளையாடுகிற விளையாட்டு. ஒருத்தன் கோடாரியோடு போவான். எதிரே வருகிற பூதங்களை வெட்டுவான். பூதம் கத்திக்கொண்டே சாகும். அவ்வளவுதான் கதை. இதைச் செய்ய நாற்பது பேர், நாற்பது பேருக்கும் இஞ்சி டீ.

இப்போது வம்பு வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அறிவியல் பரீட்சையில் 'தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்துடன் விளக்குக' என்ற கேள்விக்குத் தலை வெட்டின பூதத்தை வரைந்து, கீழே எங்கள் மண்டை ஓட்டையும் போட்டுவிட்டான். வாத்தியார் அந்தத் தாளைப் பேப்பர்காரர்களிடம் கொடுத்துவிட்டார். கலர் படம் வந்தது. பையன் நன்றாகத்தான் வரைந்திருந்தான்.

பணம் போடுகிற சிங்கப்பூர்க்காரர், இனிமேல் குழந்தைகளுக்கானதைச் செய்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டாராம். அதனால் டைரி குப்பைக்கு.

மார்ச் 5, புதன்

எலக்ட்ரீசியன் வீட்டுக்கு வந்து ஃபேனுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விட்டான். சத்தமே இல்லை. பாழாய்ப்போனவன். ராத்திரி முழுக்க முழித்திருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

சென்னையிலிருந்து ஷர்மிளா மேடம் வந்திருக்கிறார். கெட்ட பேர் எடுத்த கம்பெனிக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதுதான் அவர் தொழிலாம். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். பிஸ்கட்டை மட்டும் எட்டு தின்றார்.

எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் டம்ளர் எடுக்கிற சாக்கில் நின்று கேட்டேன். இனிமேல் கம்பெனி பேர் 'பஞ்சுமிட்டாய் கேம்ஸ்'. சுவரெல்லாம் மஞ்சள். மண்டை ஓடு இருக்கிற இடத்தில் யானைக்குட்டி.

"முக்கியமான விஷயம். இந்த ஆபீஸ்ல இனிமே சாவு கிடையாது. சாவுங்கிற வார்த்தையே கிடையாது. கேம்ல யாரும் சாக மாட்டாங்க. பூதத்துக்குத் தூக்கம் வரும், தூங்கும். காலைல எந்திரிச்சுக்கும். ஓகேவா?"

முதலாளி நிரஞ்சன் சாருக்கு முப்பத்திரண்டு வயசு. இது தன் யோசனைதான் என்கிற மாதிரித் தலையாட்டினார்.

சவுண்டு ரூம் பெலிக்ஸ் தம்பி வெளியே வந்து என்னிடம் சொன்னான். "கோடாரிய எடுத்துட்டுத் தலகாணி குடுக்கறோமுங்க்கா. பையன் தலகாணிய வீசுனாப் பூதம் தூங்கிரும். ஆனா கை மட்டும் அதே வெட்டற கைதானுங். அத மாத்த டைம் இல்ல."

அப்புறம் குரலை இறக்கிச் சொன்னான். "பழைய சவுண்டையெல்லாம் அழிக்கச் சொல்லிட்டாங்க்கா. ஏப்ரல் கடைசிக்குள்ள. ஒண்ணுகூட இருக்கக் கூடாதாமா."

பழைய சவுண்டு என்றால் அது என் வீட்டுக்காரர். ரணகளத்தில் சாகிற அத்தனை பூதமும் அவர்தான். ஒருநாள் வேன் கதவில் விரல் மாட்டி அவர் போட்ட கூச்சலைக் கேட்டு, மாடியிலிருந்து பெலிக்ஸ் ஓடி வந்தான். மருந்தோடு இல்லை, மைக்கோடு. அப்படி ஆரம்பித்தது. ஈட்டி குத்தினால் ஒரு கத்தல், தலை போனால் ஒரு கத்தல், எண்ணெய்க் கொப்பரையில் விழுந்தால் ஒரு கத்தல். வீட்டில் வந்து எல்லாவற்றையும் ஒருமுறை கத்திக் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் அடிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

மனுசன் ஒரு போட்டோவுக்கு ஒழுங்காக நின்றதில்லை. செல்போனில் 'ம்', 'வாரேன்' என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. அவர் குரல் வேறு எங்கும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் பெலிக்ஸிடம் போட்டுக் காட்டச் சொன்னேன். சவுண்டு ரூமில் பஞ்சுச் சுவர், கம்பளித் தரை, ஏ.சி. காதில் பெரிய கிண்ணம் மாதிரி இரண்டை மாட்டிவிட்டான்.

முதலில் கத்தல்கள். ஒவ்வொன்றாக. ஈட்டி. தலை. கொப்பரை. ஐந்தாறுக்கு மேல் கேட்க முடியவில்லை. காது வலித்தது.

"இருங்க்கா, கடைசில ஒண்ணு இருக்குது" என்றான்.

ஒரு பெரிய கத்தல். அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம், பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி: "போதுமா கண்ணு? இன்னொருக்கா சாவட்டுமா?"

பெலிக்ஸ் அதில் சிரிக்கிறான். இவர், "இரு, செத்த நேரம் படுத்துக்கறேன். குளுகுளுன்னு இருக்குது" என்கிறார். அவ்வளவுதான். அப்புறம் குறட்டை. கம்பளித் தரையில் படுத்தவுடனே தூங்கிவிட்டார். இந்தப் பையன் மிஷினை நிறுத்தவில்லை.

அந்தக் குறட்டையை என்னென்று எழுதுவது. முதலில் லாரி கியர் மாற்றுகிற மாதிரி ஒரு இழுப்பு. நடுவில் ஒன்றுமே இருக்காது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பயம் வரும். அப்புறம் குக்கர் விசில். இருபத்துமூன்று வருஷம் இதைத் திட்டியிருக்கிறேன். காலால் உதைத்திருக்கிறேன். எழுப்பினால் "நீ மட்டும் என்னம்மிணி, மாவு மில்லு ஓட்டறே" என்பார். பொய். பொம்பளை எங்கேயாவது குறட்டை விடுவாளா?

கம்பளியில் தூசி அதிகம் இருந்தது. அதைத் தட்டிவிட்டு வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

நிரஞ்சன் சாரிடம் கேட்டேன். அந்தச் சத்தத்தில் கடைசித் துண்டை மட்டும் என் செல்லில் ஏற்றித் தர முடியுமா என்று.

அவர் கெட்டவர் இல்லை. காரியம் நடந்தபோது வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஷர்மிளா மேடத்தைப் பார்த்தார். மேடம் சொன்னார், "அம்மா, உங்க ஃபீலிங் புரியுது. ஆனா அதுல 'சாவட்டுமா'ன்னு வருது. அது வெளிய போச்சுன்னா, ஃபார்வர்டு ஆச்சுன்னா, பஞ்சுமிட்டாய் பேரே போயிடும்."

"நான் யாருக்குங்க ஃபார்வர்டு பண்றேன்? எனக்கு மெசேஜ் அனுப்பறது கேஸ் கம்பெனி மட்டுந்தானுங்."

"பாலிசிம்மா."

"யோசிக்கலாம்க்கா" என்றார் நிரஞ்சன் சார். யோசிக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். இத்தனை வருஷம் டீ எடுத்துப் போனவளுக்கு இதுகூடத் தெரியாதா.

மார்ச் 19, புதன்

பெயிண்டர் வந்து மண்டை ஓட்டின் மேல் யானைக்குட்டி வரைந்தார். இரண்டு கோட் அடித்தும் மண்டை ஓட்டுப் பல் உள்ளிருந்து தெரிகிறது. யானை எங்களைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது. மூன்றாவது கோட்டுக்குப் பெயிண்ட் வாங்கப் போயிருக்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

இன்று புது போர்டு மாட்டினார்கள். புது போர்டு என்றால் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். ஒவ்வொரு அமாவாசைக்கும் என் வீட்டுக்காரர்தான் உடைப்பார். இன்று யார் என்று பார்த்தால் ஒருத்தரும் இல்லை. கம்ப்யூட்டரில் ஆயிரம் தலை வெட்டின பிள்ளைகள், ஒரு பூசணிக்காயைத் தூக்கத் தெரியாது என்கிறார்கள். வாட்ச்மேன் ரங்கண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நானே ஒடைக்கறேன்" என்றேன்.

"நீ ஒடைக்கக் கூடாது மயிலாத்தா. உனக்கே தெரியுமல்லோ."

"பூசணிக்காய்க்குத் தெரியுமாண்ணா எனக்குப் புருசன் இருக்கறானா இல்லையான்னு?"

அவர் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். நான் காயில் ஓட்டை போட்டு, உள்ளே அரைப் பாக்கெட் குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கி ஓங்கிப் போட்டேன். ரொம்ப நாளாக எதையும் உடைக்கவில்லை. நன்றாக இருந்தது.

கொஞ்சம் பலமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. மஞ்சள் சுவர், யானைக்குட்டி, படிக்கட்டு, ரங்கண்ணன் சட்டை எல்லாம் சிவப்பு. யானையின் தும்பிக்கையிலிருந்து சொட்டுகிறது. அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. ஷர்மிளா மேடம், பெற்றோர் சங்கத்திலிருந்து நாலு பேர், கூட ஒரு சின்னப் பிள்ளை. 'வன்முறை இல்லாத புது ஆபீஸ்' பார்க்க வந்திருக்கிறார்கள்.

பிள்ளை என்னைப் பார்த்தது. என் கையைப் பார்த்தது. "ஆன்ட்டி, யாரைக் கொன்னீங்க?" என்றது, ரொம்ப மரியாதையாக.

பெற்றோர் சங்கம் டீ குடிக்காமலே போய்விட்டது. மேடம் அவர்கள் பின்னாலேயே ஓடினார். மூன்று பக்கெட் தண்ணீர் ஊற்றியும் யானை காது சிவப்பு போகவில்லை. இப்போது அது வெட்கப்படுகிற யானை மாதிரி இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

விளையாட்டு தயார். பெயர் 'தூங்கு பூதமே'. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருபது பேரை வரவழைத்து விளையாடக் கொடுத்தார்கள். நான் எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தேன்.

பூதத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு குரல்காரர் பேசிக் கொடுத்திருந்தார். தலையணை பட்டவுடன் பூதம், "ஆவ்வ்... எனக்குத் தூக்கம் தூக்கமாய் வருகிறதே... நல்லிரவு நண்பர்களே" என்று சொல்லிப் படுக்கிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டன. ஒரு பையன் கேட்டான், "சார், வெட்டறது எப்ப வரும்?"

நிரஞ்சன் சார் முகம் பிழிந்த எலுமிச்சை மாதிரி ஆகிவிட்டது. பெலிக்ஸ் எழுந்து உள்ளே போனான். என்ன செய்தானோ, கொஞ்ச நேரத்தில் வந்து, "இப்ப வெளையாடுங்க" என்றான்.

தலையணை போய் விழுந்தது. பூதம் படுத்தது. லாரி கியர் மாற்றியது. நடுவில் ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் எல்லாம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தன. அப்புறம் குக்கர் விசில்.

நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தன. ஒரு பிள்ளைக்கு ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. மறுபடி மறுபடி பூதத்தை எழுப்பித் தூங்க வைத்தன. இருபது போனிலும் என் வீட்டுக்காரர், ஒன்றன் பின் ஒன்றாக. வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதன.

நான் ஜூஸ் சிந்தின இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாத்ரூமையும் துடைத்தேன். அங்கே ரொம்ப நேரம் துடைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

பேப்பரில் வந்துவிட்டது. 'குழந்தை உளவியலை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட குறட்டை.' ஷர்மிளா மேடம் சொல்லியிருக்கிறார், குழந்தைகளுக்குப் பாதுகாப்பு உணர்வு தரும் ஒலியைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் உழைத்தார்களாம். ஆறு மாதம் முன்னால் மேடத்துக்கு இந்தக் கம்பெனி எந்த ரோட்டில் இருக்கிறதென்றே தெரியாது.

குறட்டை இருக்கட்டும், மற்றதெல்லாம் அழிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் "கண்ணு"வும் அழியும். தேதி அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மே இரண்டாம் தேதி பெரிய விழா. பிள்ளைகள், பெற்றோர் சங்கம், பேப்பர், டிவி எல்லாம் வருகிறார்களாம். மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலியில். அப்போதே சந்தேகப்பட்டேன்.

"அம்மா, குறட்டை விட்டது யாருன்னு பசங்க கேக்கறாங்க. உங்கள மேடையேத்தி, 'பூதம் மாமாவோட வீட்டம்மா'ன்னு அறிமுகப்படுத்தலாம்னு இருக்கோம். ஆனா, அவர் இறந்துட்டாருன்னு மட்டும் சொல்ல வேண்டாம். செத்தவரோட குறட்டைன்னா பசங்க பயந்துடும்."

"வேற என்னன்னு சொல்றதுங்?"

"வெளியூர் போயிருக்காருன்னு சொல்லுங்க."

நான் நிரஞ்சன் சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "சொல்றேனுங்" என்றேன். "அதுக்குப் பதிலா அந்தத் துண்டு எனக்கு வேணுமுங். அழிக்கக் கூடாது."

மேடம் யோசித்தார். "விழா நல்லபடியா முடியட்டும். பார்க்கலாம்" என்றார். அதுவரை அழிக்க வேண்டாம் என்று பெலிக்ஸிடம் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லிப் பழக வேண்டும் அல்லவா. மளிகைக் கடையில் புதுப் பையன் ஒருவன், "வீட்ல எத்தன பேருங்க்கா?" என்று கேட்டான். "ரெண்டு பேரு. அவரு வெளியூரு போயிருக்கறாரு" என்றேன்.

சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அரைக் கிலோ மட்டன் எடுத்தேன். ஒருத்திக்கு அரைக் கிலோ எதற்கு என்று தெரியவில்லை. ஈரலைத் தனியாக எடுத்து வைத்தேன். ஈரல் எனக்குப் பிடிக்காது.

ஏப்ரல் 28, திங்கள்

ஈரலைப் பூனைக்குப் போட்டேன்.

மே 2, வெள்ளி

விழா. காது சிவந்த யானை. ஊதின பலூன். நிரஞ்சன் சார் தலையில் பஞ்சுமிட்டாய் மாதிரி ஒரு தொப்பி. பாவம், போன வருஷம் இதே மேடையில் கோடாரியோடு நின்றவர்.

எனக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து நின்றேன். ஷர்மிளா மேடம், "குட்டீஸ், இவங்கதான் பூதம் மாமாவோட வீட்டம்மா. மாமா இன்னிக்கு வெளியூர் போயிருக்காரு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே முடிந்துவிடும் போலிருந்தது.

முன் வரிசையில் பல் விழுந்த ஒரு பெண் பிள்ளை எழுந்தது. மிருதுளா என்று சட்டையில் எழுதி ஒட்டியிருந்தது.

"மாமா எப்ப வருவாரு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம், "சீக்கிரம்" என்று வாயசைத்தார்.

"எத்தன நாளாகும்?" என்றது பிள்ளை. "எனக்கு லீவு முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் இருக்கு. நான் காத்திருக்கேன். அவரு நேர்ல கொறட்ட விட்டுக் காட்டுவாரா?"

நான் காத்திருக்கேன் என்று அது சொன்னதுதான். மளிகைக் கடைப் பையனிடம் சொன்னது போல இதனிடம் சொல்ல முடியவில்லை. இது நிஜமாகவே வாசலில் வந்து நிற்கும். நிற்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"வர மாட்டாரு கண்ணு" என்றேன். "செத்துட்டாரு."

மைக்கில் அது கட்டிடம் முழுக்கக் கேட்டது. ஒரு பலூன் எங்கேயோ உடைந்தது. ஷர்மிளா மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

பிள்ளை யோசித்தது. "அப்ப கொறட்டை?"

"அது சாவறதுக்கு முன்னால விட்டது. பெலிக்ஸ் மாமா பதிவு பண்ணி வெச்சிருந்தாரு."

"ஓ" என்றது. அப்புறம், "எங்க தாத்தாகூடச் செத்துட்டாரு. அவரோடத யாரும் ரெக்கார்டே பண்ணல" என்றது, எங்கள் வீட்டில் மட்டும் ஐஸ்கிரீம் வாங்கவில்லை என்கிற குரலில்.

பின்னால் ஒரு பையன் எழுந்தான். "எங்க மீனு செத்துருச்சு! ரெண்டு!" இன்னொருத்தன், "எங்க நாய் லாரில அடிபட்டுச் செத்துச்சு, குடலெல்லாம் வந்துருச்சு" என்றான். "எங்க பெரிய பாட்டிக்குத் தொண்ணூத்தெட்டு!" உடனே போட்டி வந்துவிட்டது. யார் வீட்டில் அதிகம் பேர் செத்தார்கள் என்று. மீன் கணக்கில் வராது என்று ஒரு சண்டை. கடைசியில் ஒரு பையன், "எங்க வீட்ல யாருமே சாகல" என்று அழுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. மைக் வேறு கையில். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம் அது நிற்கவே இல்லை. மிருதுளா மேடைக்கு ஏறி வந்து தன் கைக்குட்டையைக் கொடுத்தது. மூக்குச் சளியோடு இருந்தது. இருந்தாலும் துடைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்ததும் நிரஞ்சன் சாரிடம், "மன்னிச்சுக்கங் சார். வெளியூருன்னு சொல்லோணும்னுதான் வந்தேன், வாயில வரல" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எல்லாம் போச்சு என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 3, சனி

பேப்பரில் தலைப்பு: 'குழந்தைகளிடம் பொய் சொல்லாத நிறுவனம்.' என் படமும் மிருதுளா படமும். என் சிவந்த மூக்கு நன்றாகவே தெரிகிறது. கீழே ஷர்மிளா மேடம்: "சாவைப் பற்றிக் குழந்தைகளோடு மனம் திறந்து பேசுவதே ஆரம்பத்திலிருந்து எங்கள் கொள்கை."

மூன்று தடவை படித்தேன். அந்த அம்மாவுக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது. பெற்றோர் சங்கம் பாராட்டிக் கடிதம் கொடுத்திருக்கிறதாம். சிங்கப்பூர்க்காரர் பணம் போட்டுவிட்டாராம்.

மே 5, திங்கள்

காலையில் நிரஞ்சன் சார் பெலிக்ஸைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு அதை ஏத்திக் குடு. யாரையும் கேக்க வேண்டாம்" என்றார்.

பெலிக்ஸ் என் செல்லில் ஏற்றினான். சோதித்துப் பார்க்கலாம் என்று ரிங்டோனாக வைத்துக் கூப்பிட்டான். என் பையிலிருந்து அவர் கேட்டார், "போதுமா கண்ணு? இன்னொருக்கா சாவட்டுமா?"

"போதுஞ் சாமி" என்றேன். தானாக வந்துவிட்டது.

மத்தியானம் சவுண்டு ரூமைப் பெருக்கப் போனேன். பெலிக்ஸிடம், மீதி இருக்கிற குறட்டையையும் ஒருதரம் போட்டுவிடு என்றேன். காதில் மாட்டிக்கொண்டு, அவர் படுத்த இடத்திலேயே கம்பளியில் சாய்ந்தேன். குளுகுளு என்றுதான் இருந்தது. லாரி கியர் மாற்றியது. நடுவில் ஒன்றும் இல்லை. குக்கர் விசில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒருத்தருக்கும் டீ இல்லை. பாத்ரூம் துடைக்கவில்லை. யாரோ என் மேல் பஞ்சுமிட்டாய் கேம்ஸ் என்று அச்சடித்த துண்டைப் போர்த்தியிருந்தார்கள். பெலிக்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்றா சிரிக்கறே?"

"திட்டக் கூடாதுங்க்கா. மிஷினு ஓடிட்டிருந்துச்சு."

போட்டான். நான் கேட்டேன். கரகரவென்று, நிற்காமல், நெல் அரைக்கிற மாதிரி. அப்பட்டமான மாவு மில்லு.

இருபத்துமூன்று வருஷச் சண்டை. அந்த ஆள் சொன்னது சரிதான். இதை அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆள் செத்துப்போய்விட்டார். ஜெயித்ததுகூடத் தெரியாமல் செத்துப்போய்விட்டார்.

பெலிக்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, மூணாவது கட்டத்துல ஒரு பொம்பளப் பூதம் வருது. மாமா பூதத்துக்குப் பக்கத்துலயே படுக்கும். அதுக்கு இத வெச்சுக்கட்டுமா?"

முதலில் முடியாது என்றேன். அப்புறம் யோசித்தேன்.

"வெச்சுக்க. ஆனா என்னோடது அவரோடத விடக் கொஞ்சம் சத்தமா இருக்கோணும்."